ஏழாம் கேள்விக்கான விடைக்குறிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் தர உறுதிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கும்வரை அங்கே தரம் இல்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தொடங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது. அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து பாடம் நடத்தியதற்கான சான்றுகளைத் திரட்ட ஆரம்பித்தோம். பாடம் நடத்த நேரம் கிடைக்கவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை.

நான் வேதியியல் கற்பிக்கிறவள். எனக்கு அடுத்த அறை தத்துவத் துறை. துறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு பழைய குடை, ஒரு பேராசிரியர். அந்தப் பேராசிரியர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவரும்கூட. திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் மாணவர்களுக்குத் தத்துவம் நடத்துவார். ஞாயிறு காலையில் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கோயிலில் ஆராதனை நடத்துவார். சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு மாறுவேன் மேடம்" என்றார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'ஆனாலும்'. எந்தக் கருத்தையும் பத்து நிமிடம் அருமையாக விளக்கிவிட்டு, "ஆனாலும்" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தக் கருத்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கோயிலுக்கு வருகிறவர்களும் அவரை அதே பெயரில்தான் அழைத்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. மனிதர் இரண்டு இடத்திலும் ஒரே ஆளாகவே இருந்திருக்கிறார். இந்தக் காலத்தில் அது ஒரு நிர்வாகச் சிக்கல்.

இருபத்திரண்டு வருடமாக அவருடைய சமயத் தத்துவத் தாளில் ஏழாம் கேள்வி மாறவே இல்லை. "கடவுள் இருக்கிறாரா? ஆராய்க. இருபது மதிப்பெண்கள்." மாணவர்கள் உண்டு என்று எழுதுவார்கள், இல்லை என்று எழுதுவார்கள், தெரியாது என்று எழுதுவார்கள். ஒழுங்காக யோசித்திருந்தால் மூன்றுக்கும் மதிப்பெண் கிடைக்கும்.

இந்த வருடம் தர உறுதிப் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இனிமேல் எந்தக் கேள்வியும் விடைக்குறிப்பு இல்லாமல் அச்சுக்குப் போகாது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை என்ன, எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே கணினியில் பதிய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதியாத தாள் ரத்தாகும். அந்தத் தாளை எடுத்த மாணவர்களின் ஒரு வருடமும் அதோடு போகும்.

நான் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் என்ன நிகழும்? வெள்ளை வீழ்படிவு உண்டாகும். இரண்டு மதிப்பெண். எந்த அரசாங்கம் வந்தாலும் வெள்ளைதான். தேநீர் குடிக்கலாமா என்று கேட்கப் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். குருவானவர் கணினித் திரையின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

திரையில், 'கடவுள் இருக்கிறாரா?' என்பதற்குக் கீழே இரண்டு வட்டங்கள். ஆம். இல்லை. ஒன்றை அமுக்காமல் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்றது.

"ஏதாவது ஒண்ணை அமுக்குங்க சார். மெஷின்தானே" என்றேன்.

"எதை மேடம்?"

"நீங்க குருவானவர். உங்களுக்கா தெரியாது?"

"எனக்கு என்ன தோணுதுன்னு இது கேக்கல. சரியான விடை எதுன்னு கேக்குது. ஆம்னு அமுக்கினா, இல்லைன்னு நல்லா எழுதுற பிள்ளைக்குப் பூஜ்யம் போடணும். இல்லைன்னு அமுக்கினா, ஞாயித்துக்கிழமை நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

அவர் வகுப்பில் பதினொரு பேர். அதில் ஒரு நர்ஸம்மா. நாற்பது வயதைத் தாண்டியவர். மருத்துவமனையில் பணி முடித்து அதே சீருடையோடு மாலை வகுப்புக்கு ஓடி வருவார். மற்றவர்கள் மூன்று வருடத்தில் முடிக்கிற பட்டத்தை அவர் ஆறு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். மிச்சம் இருந்தது இந்த ஒரு தாள்தான். கடவுள் நம்பிக்கை துளிகூடக் கிடையாது. வகுப்பில் குருவானவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார். மடங்கும்போதெல்லாம் குருவானவரின் முகம்தான் மலர்ந்துபோகும். அந்த நர்ஸம்மாவின் ஆறு வருடத்தை நினைத்துத்தான் அவர் அன்று கையைப் பிசைந்தார்.

அன்று மதியம் தர இயக்குநரைப் பார்க்கப் போனோம். நான் துணைக்குத்தான் போனேன். இயக்குநர் முன்பு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். நல்ல மனிதர். எப்போதும் சிரித்த முகம்.

"உக்காருங்க சார். தத்துவத்துக்கு நாங்க எதிரி இல்ல. நீங்க எவ்வளவு வேணா ஆராய்ங்க. முடிவு மட்டும் எங்களுக்குக் குடுத்துடுங்க."

"முடிவு இன்னும் வரலையே சார்."

"எத்தனை வருஷமா நடக்குது இந்த ஆராய்ச்சி?"

"ஒரு ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா."

இயக்குநர் என்னைப் பார்த்தார். "மேடம் அரை மணி நேரத்துல குடுத்துட்டாங்க" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க சார். பிஸ்கட்ல ரெண்டே ரகம். முழுசு, உடைஞ்சது. உடைஞ்சதா இல்லையான்னு ஆராய்கன்னு நாங்க பாக்கெட் மேல எழுதி அனுப்பினதே கிடையாது."

வேறு வழியில்லாமல் குருவானவர் திரும்பி வந்து 'ஆம்' என்பதை அமுக்கினார். நம்புவதைத்தானே அமுக்கினார், பொய் சொன்னோம் என்ற வருத்தமாவது அவருக்கு இருக்காது என்று நினைத்தேன். அடுத்த நொடியே திரை சிவந்தது. 'நலன் முரண் கண்டறியப்பட்டது.' பணியாளர் கோப்பில் அவருடைய இரண்டாவது பணியிடம் திருச்சபை என்று இருந்திருக்கிறது. கணினி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டது. கூடவே ஒரு படிவம் அச்சாகி வந்தது. அதை அவர் நிரப்பியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

விடையில் குறிப்பிடப்படும் நபருடன் உங்களுக்கு உறவு உண்டா? உண்டு. எத்தனை ஆண்டுகளாக? பிறந்ததிலிருந்து. அவரிடமிருந்து பரிசு ஏதேனும் பெற்றதுண்டா? இந்த இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, "உயிர், மனைவி, நல்ல கண்பார்வை, இன்னும் பல" என்று எழுதினார். பெற்ற பரிசுகளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டீர்களா? இன்னும் இல்லை. எப்போது ஒப்படைப்பீர்கள்? தேதி என் கையில் இல்லை.

கடைசியில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று நடுநிலைச் சாட்சியின் கையொப்பத்துக்கு. மற்றது மறுதரப்பின் கையொப்பத்துக்கு.

நடுநிலைச் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். இந்த விஷயத்தில் எனக்கு எந்த நிலையும் இல்லை என்பதுதான் என் தகுதி. அன்றிலிருந்து இது சம்பந்தமான எல்லாக் கூட்டத்துக்கும் நான் அதிகாரபூர்வமாகப் போக வேண்டியதாயிற்று. அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

மறுதரப்பு விஷயத்தில் இயக்குநர் பெரிய மனதோடு நடந்துகொண்டார். "நேர்ல வரணும்னு அவசியமில்ல. அதிகாரம் பெற்ற பிரதிநிதி போட்டாலும் போதும்" என்றார்.

அன்று மாலை குருவானவரின் வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். "அக்கா, இவரை நாற்காலியில உக்கார வெச்சு, இந்தக் கண்ணாடி தெளிவா இருக்கா, அந்தக் கண்ணாடி தெளிவா இருக்கான்னு கேட்டா, ரெண்டுலயும் ஒரு நியாயம் இருக்குன்னு சொல்வார். இவர்கிட்ட போயி ஆமா இல்லையான்னு கேட்டிருக்காங்க பாருங்க" என்றார். பிறகு கணவரிடம், "என்னங்க, அந்த நர்ஸம்மாவுக்காகவாவது பேராயரைப் போய்ப் பாருங்க. சும்மா மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?" என்று அதட்டினார்.

பேராயர் அலுவலகத்துக்குப் போனபோது எங்கள் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம். அதே நீலக் கோப்புகள், அதே வரிசை எண், சேவையில் திருப்தியா என்று கேட்கும் அதே சிரிக்கும் முகம், அழும் முகம். ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள்.

பேராயர் படிவத்தை இரண்டு முறை படித்தார். "ஐயா, கடவுள் சார்பா கையெழுத்துப் போடுற அதிகாரம் எனக்கு இருக்கான்னு சட்டக் குழுவைத்தான் கேக்கணும். அது மார்ச்சுலதான் கூடும்" என்றார். பிறகு கண்ணாடியைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும். இருக்கிறாரான்னு ஒரு கேள்விக்குறி போட்டு இருபத்திரண்டு வருஷமா நம்ம குருவானவர் ஒருத்தரே கேட்டுக்கிட்டிருக்காருங்கிறது இப்பத்தான் நமக்குத் தெரியுது" என்றார்.

"பிள்ளைங்க யோசிக்கணும்னுதான் ஐயா."

"யோசிக்கிறதை நான் தப்புன்னு சொல்லல. நானும் சின்ன வயசுல நிறைய யோசிச்சவன்தான். கடவுள் இருக்காரா, இருந்தா ஏன் இப்படின்னு ராவெல்லாம் தூக்கம் வராது. அப்புறம் நிர்வாகப் பொறுப்புக்கு வந்துட்டேன். நேரமே இல்ல. நிம்மதியா இருக்கு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. வாழ்க்கையில் ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்கிற மாதிரிதான் சொன்னார்.

கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தர இயக்குநரோடு பேச ஒப்புக்கொண்டார். புதன்கிழமை இரு தரப்பும் சந்தித்தன. அன்று நான் பார்த்தது ஒரு காதல் கதை என்றுதான் சொல்ல வேண்டும். பேராயர் நிகழ்ச்சி நிரல் கொண்டு வந்திருந்தார். இயக்குநரும் கொண்டு வந்திருந்தார். இரண்டிலும் முதல் வரி ஒன்றே. "எங்க உபதேசியாருங்க மாதாந்தர அறிக்கையைச் சரியாவே அனுப்புறதில்ல" என்றார் பேராயர். "எங்க பேராசிரியருங்க மட்டும் என்னவாம்" என்றார் இயக்குநர். ஒருவரை ஒருவர் இத்தனை காலம் அறியாமல் இருந்துவிட்டோமே என்ற ஏக்கம் இருவர் கண்ணிலும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிமேல் இரு நிறுவனங்களும் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும். ஏழாம் கேள்வியைப் பற்றிக் கூட்டம் முடியும்போதுதான் ஞாபகம் வந்தது. கள ஆய்வு நடத்தித் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. அதற்காக வெள்ளிக்கிழமைக் கெடு திங்கள்வரை தள்ளிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் கழுத்தில் அடையாள அட்டையோடும் கையில் சரிபார்ப்புப் பட்டியலோடும் கோயிலுக்கு வந்தார். தீயணைப்புக் கருவி உண்டு. குடிநீர் உண்டு. அவசர வழி, பலிபீடத்துக்குப் பின்னால். இருக்கைகளை எண்ணினார். பாடல் புத்தகங்களை எண்ணினார். ஒன்பதாவது வரியில் வந்து நின்றார். 'நிறுவனத் தலைவர் ஆய்வின்போது வளாகத்தில் இருந்தாரா?'

மணி அடிக்கிற பெரியவரிடம் போனார். "தலைவர் எங்க இருக்கார்?"

பெரியவர் மேலே பார்த்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார். "எங்கயும் இருக்கார் சார்."

"அது சரி. எந்த ரூம்?"

"ரூம்லாம் இல்லீங்க."

"நீங்க எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க?"

"முப்பத்தொண்ணு."

"ஒரு தடவையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க சார். ஆனா வேலையெல்லாம் அவர் பேர்லதான் நடக்குது."

இயக்குநர் 'நேரில் காணப்படவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். மூடிய பேனாவை மறுபடியும் திறந்தார். அவர் முகத்தில் அன்றுதான் முதன்முறையாகச் சிரிப்பு இல்லாததைக் கண்டேன். என்னை ஒரு தூணுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்.

"மேடம், நடுநிலைச் சாட்சிங்கிற முறையில சொல்லுங்க. நம்ம துணைவேந்தரை நீங்க கடைசியா எப்பப் பாத்தீங்க?"

யோசித்தேன். "பாத்ததில்ல சார். அவர் கையெழுத்தைத்தான் பாத்திருக்கேன்."

"நானும் மூணு வருஷமா சுற்றறிக்கையிலதான் பாக்குறேன். நேர்ல பாக்காததால இல்லைன்னு இங்க எழுதிட்டா, அதே அளவுகோலை நாளைக்குத் தணிக்கைக்காரங்க நம்ம மேல வைப்பாங்க. அப்ப துணைவேந்தர் பதவி காலின்னு ஆயிடும். அவர் போட்ட உத்தரவெல்லாம் செல்லாது. என் நியமனமே செல்லாது."

இப்படியாக, கடவுள் இருக்கிறார் என்று எங்கள் பல்கலைக்கழகம் தீர்மானித்தது. விடைக்குறிப்பைத் திங்கள் காலையில் இயக்குநரே உட்கார்ந்து எழுதினார். ஆம், இருக்கிறார்: ஐந்து மதிப்பெண். அவரை நேரில் காண இயலாது: ஐந்து. அனைத்தும் அவர் பெயரால் நடைபெறுகின்றன: ஐந்து. ஐயம் இருப்பின் உரிய அலுவலகத்தை அணுகவும்: ஐந்து.

குருவானவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனாலும்..." என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு மார்க் இல்ல சார்" என்றார் இயக்குநர்.

பதினொரு பேரின் வருடத்தை நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு நாள் அவர் பேசாமல் இருந்ததற்காக இன்றும் வருத்தப்படுகிறார்.

தாள் அச்சுக்குப் போனது. தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், வெளிப்படைத்தன்மை விதியின்படி, அங்கீகரிக்கப்பட்ட விடைக்குறிப்புகள் அனைத்தும் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியாயின. கேள்வி மட்டும் ரகசியமாக வைக்கப்பட்டது.

விடைத்தாள்கள் வந்த அன்று குருவானவர் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். மேசையில் பதினொரு தாள்கள். பத்துத் தாள்களில் ஏழாம் கேள்விக்கு அதே நான்கு வரிகள், எழுத்துக்கு எழுத்து. ஒரு பிள்ளை 'ஐந்து மதிப்பெண்' என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தது. பதினோராவது தாளை அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

நர்ஸம்மாவின் எழுத்து. 'இல்லை' என்று ஆரம்பித்துப் பதினான்கு பக்கம். மூன்று மணி நேரத் தேர்வில் பாதிக்கு மேல் இதற்கே செலவழித்திருந்தார். அதனால் மற்றக் கேள்விகளில் சில காலி. வலி மனிதரைப் பக்குவப்படுத்துகிறது, அதனால்தான் கடவுள் அதை அனுமதிக்கிறார் என்று சொல்கிறவர்களை வரிசையாக அழைத்து, ஒருவர் வாதத்தையும் திரிக்காமல் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போயிருந்தார். பன்னிரண்டாம் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். "நினைவு திரும்பாமலே ஒன்பது நாள் வலியில் முனகி இறந்த ஒருவருக்கு நான் பணிவிடை செய்தேன். அவர் எதைக் கற்றுக்கொண்டார்?" என்று எழுதியிருந்தார்.

"விடைக்குறிப்பைப் பாக்காம எழுதிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பாத்திருக்காங்க. தேர்வு முடிஞ்சு வெளிய வந்தப்ப என்கிட்டயே சொன்னாங்க. 'நாலு வரி எழுதி பாஸ் பண்றதுக்கு நான் ஆறு வருஷம் பஸ்ல தொங்கிட்டு வந்திருக்க வேண்டாம் சார்'னு."

கூட்டிப் பார்த்தோம். ஏழாம் கேள்வி இல்லாமல் முப்பத்தாறு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். விடைக்குறிப்பின்படி இந்தப் பதினான்கு பக்கத்துக்குப் பூஜ்யம். மாலை வகுப்புத் திட்டம் இந்த வருடத்தோடு முடிகிறது. இப்போது விட்டால் நர்ஸம்மாவுக்கு இனிப் பட்டம் கிடையாது.

வாழ்நாள் முழுக்கக் கடவுளை நம்பி, ஞாயிறு தவறாமல் அதை நாற்பது பேர் முன்னால் சொல்லிவந்த அந்த மனிதர், 'இல்லை' என்று எழுதிய தாளில் இருபதுக்கு இருபது போட்டார்.  நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கணினி மறுபடியும் சிவந்தது. இரண்டே நாளில் விசாரணைக் குழு கூடியது. புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி பேராயரும் வந்திருந்தார். நடுநிலைச் சாட்சியாக நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த விடை தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"தப்புன்னுதான் நான் நம்புறேன்."

"தப்புன்னா ஏன் இருபது?"

"பத்துப் பேர் சரியா எழுதியிருக்காங்க சார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. இவங்க தப்பா எழுதியிருக்கலாம். ஆனா வரிக்கு வரி யோசிச்சிருக்காங்க. நான் சொல்லிக் கொடுக்குற பாடத்துக்குப் பேரே அதுதான்."

பேராயர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, ஒரு குருவானவரே கடவுள் இல்லைங்கிற விடைக்கு முழு மார்க் போட்டா, சபை என்ன நினைக்கும்?"

"பொய்யா ஆமான்னு எழுதினவங்களுக்கு இருபது போட்டப்ப யாரும் ஒண்ணும் நினைக்கலியே ஐயா. கடவுளுக்கு எது பிடிக்கும்னு நினைக்கிறீங்க? இந்தத் தாளை நான் மாத்தித் திருத்த மாட்டேன். வேணும்னா ரெண்டு வேலையிலேருந்தும் என்னை எடுத்துக்கோங்க."

 எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. நடுநிலை என்பதால் தட்டவில்லை. அந்தச் சிரமத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

இரண்டு அதிகாரிகளும் கொஞ்ச நேரம் காதோடு காது பேசிக்கொண்டார்கள். அவரை வேலையிலிருந்து எடுக்க எட்டுப் படிவங்கள் வேண்டும், அதில் மூன்று துணைவேந்தர் நேரில் கையெழுத்துப் போட வேண்டியவை என்பது என் காதில் விழுந்தது. இயக்குநர் நிமிர்ந்தபோது பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"சார், எங்களுக்கு உங்க மேல மரியாதை உண்டு. ஒரு சுமுகமான வழி இருக்கு. இருபது மார்க் போட்டா விடை 'ஆம்'னுதான் மென்பொருள் ஏத்துக்கும். அதனால அந்தம்மா 'ஆம்'னு எழுதினதாப் பதிஞ்சுடுறோம். மார்க் அப்படியே இருக்கட்டும். தாளை நீங்களே வெச்சுக்கோங்க, எங்களுக்கு வேண்டாம்."

அப்படியே பதிந்தார்கள். நர்ஸம்மா ஐம்பத்தாறு வாங்கித் தேறினார். ஒப்பந்தத்தின்படி அந்தப் பதிவு பேராயர் அலுவலகத்துக்கும் போனது. அங்கே யாரோ சுறுசுறுப்பான ஆள் இருந்திருக்கிறார். அந்த வருட அறிக்கையில், 'பல்கலைக்கழக ஊழியத்தின் பலனாக இவ்வாண்டு விசுவாசத்துக்குள் வந்தவர்கள் பதினொருவர்' என்று அச்சாகிவிட்டது. பதினொருவருக்கும் வரவேற்புக் கடிதமும் போனது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் நர்ஸம்மா அந்தக் கடிதத்தோடு கோயிலுக்கு வந்து நின்றார். குருவானவரின் மனைவி பார்க்க வரச் சொன்னதால் நானும் அன்று அங்கே இருந்தேன்.

"சார், என் பேரை இதுலேருந்து எடுக்கணும். எந்த ஃபார்ம்?"

குருவானவர் தலையைச் சொறிந்தார். "எடுக்கலாம்மா. நம்பிக்கை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா எடுத்துடுவாங்க. அந்தத் தகவல் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அப்புறம் உங்க மார்க் முப்பத்தாறு ஆயிடும்."

நர்ஸம்மா கடிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கடைசி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

சிரிப்பு அடங்கியதும் குருவானவர் அங்கியின் உள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்தார். அந்தப் பதினான்கு பக்கம். ஓரமெல்லாம் பென்சில் கோடுகள்.

"மூணு தடவை படிச்சேன்மா. பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கு. அந்த நோயாளி ஒண்ணும் கத்துக்கலன்னு எழுதியிருக்கீங்க. சரி. ஆனா ஒன்பது நாள் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்ட நீங்க கத்துக்கிட்டீங்களே. அப்ப அந்த வலி வீண்னு எப்படிச் சொல்ல முடியும்?"

 நர்ஸம்மா நிதானமாகச் சொன்னார். "எனக்குப் பாடம் நடத்த இன்னொருத்தரை வலிக்க வைக்கணுமா சார்? அப்படிச் செய்யுற ஆளை எங்க ஆஸ்பத்திரியில ஒரு நாள்கூட வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க."

குருவானவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். மணி அடிக்கிற பெரியவர் கதவைச் சாத்த வந்து, இருவரையும் பார்த்துவிட்டுச் சாத்தாமல் போனார்.

"எனக்கு அடுத்த ஞாயிறுவரைக்கும் டைம் குடுங்கம்மா" என்றார் குருவானவர்.

"நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டு வரேன் சார். பதினோரு மணி ஆகும்."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. நர்ஸம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. அவர் இன்னும் நம்பவில்லை. இவரால் இன்னும் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. வாரம் முழுக்க யோசித்துக்கொண்டு போகிறார், அரை மணி நேரத்தில் தோற்றுத் திரும்புகிறார். திங்கட்கிழமை காலை என் அறைக்கு வந்து, எப்படித் தோற்றார் என்பதை ஒரு வரி விடாமல் சொல்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.